முதல் துப்பாக்கியும் முதல் பாடமும்: தாமிரபரணிக் கரையில் வேட்டையின் வரலாறு



நாம் நடத்தும் ஃபிக்ஹு வகுப்பில் ஆண்டுதோறும் ‘வேட்டையும் அறுப்பும்’ என்னும் பாடம் வரும். அறுப்புப் பகுதியை மாணவர்கள் கவனமாகக் கேட்பார்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் அது தேவைப்படும் என்பது அவர்களுக்குத் தெரியும். வேட்டைப் பகுதி தொடங்கியதும் சிலருடைய கண்கள் சொருகத் தொடங்கிவிடும். அம்பும் வேட்டை நாயும் பயிற்றுவிக்கப்பட்ட பருந்தும் திருநெல்வேலியில் வாழும் பிள்ளைகளுக்கு எதற்கு என்று அவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை.

சென்ற ஆண்டு அப்பாடம் முடிந்தபோது, பதினேழு வயது மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், புதுசா வேட்டைக்குப் போறவன் முதல்ல எந்த ரைஃபிள் வாங்கணும்?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வகுப்பு கலைந்த பின் தனியே வந்து காரணத்தைச் சொன்னார். அவருடைய பாட்டனாரின் வீட்டுச் சுவரில் இரண்டு இரும்புக் கொக்கிகள் இருக்கின்றனவாம். ஒரு காலத்தில் அவற்றில் துப்பாக்கி மாட்டியிருந்ததாம். இப்போது மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் தாய்மாமா அவ்வப்போது காட்டு முயல் கறி கொடுத்தனுப்புகிறார். “அடுத்த லீவுக்கு நீயும் வா, பழக்கித் தாறேன்” என்றும் அழைத்திருக்கிறார். கைபேசியில் வெளிநாட்டு வேட்டைக் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, எந்தத் துப்பாக்கி நல்லது என்பதே அவருடைய கேள்வியாகிவிட்டது.

ஒரு வாரம் அவகாசம் கேட்டோம். அவருக்கு அளித்த விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். இக்கேள்வி அந்த ஒரு வீட்டோடு முடிவதன்று என்பதே காரணம்.

ஆற்றின் முகத்துவாரத்தில் வந்திறங்கிய ஆயுதம்

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் கரைகளில் வேட்டை மிகப் பழைய வழக்கம். வலை, கண்ணி, ஈட்டி, வில், நாய் ஆகியவையே அக்கால வேட்டைக் கருவிகள். தென்பாண்டி நாட்டில் வளரி என்னும் எறிகருவியும் இருந்தது. வளைந்த வடிவுடைய அது சுழன்று சென்று தாக்கும். அதைக் கொண்டு முயலையும் வீழ்த்தினர், போரும் புரிந்தனர். கர்னல் வெல்ஷ் என்னும் ஆங்கிலத் தளபதி, தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது என்று தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். பின்னாளில் அதே சின்ன மருதுவுக்கு எதிரான போரில் அவர் பங்கேற்றார்.

துப்பாக்கி நம் கடற்கரையில் பரவியது 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்த பின்னரே. முத்துக்குளித்துறையில் அவர்களுக்கும் மரக்காயர்களுக்கும் இடையே நடந்த மோதல்களை நம் சமுதாய வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். 1538இல் வேதாளையில் மரக்காயர் படை தோற்ற நிகழ்வு அவற்றுள் ஒன்று. அக்காலத் துப்பாக்கி திரித் துப்பாக்கி. குழலின் வாய் வழியே மருந்தையும் ஈயக் குண்டையும் இட்டு, கோலால் கெட்டித்து, கனன்றுகொண்டிருக்கும் கயிற்றுத் திரியால் பற்றவைக்க வேண்டும். ஒரு முறை சுட்டபின் மறுமுறை சுடுவதற்குள் மான் கண்ணுக்கெட்டாத தொலைவுக்கு ஓடியிருக்கும். மழை பெய்தால் திரி அணைந்துபோகும். அக்குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். உள்ளே சுருள் வரிப்பள்ளம் வெட்டி, குண்டைச் சுழலவைத்து, தொலைவிலுள்ள குறியையும் தவறாது தாக்கும்படி செய்யப்பட்டதே ரைஃபிள். அது நம் பகுதிக்கு மிகப் பிந்தியே வந்தது.

18ஆம் நூற்றாண்டில் பாளையங்கள்தோறும் திரித் துப்பாக்கிகள் இருந்தன. அந்நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையை ஆண்ட ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். இராமநாதபுரத்துப் பனையூரில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, கும்பினிப் படையில் கமாண்டன்ட் ஆக உயர்ந்த முஹம்மது யூசுஃப் கான் அவர். மருதநாயகம் என்று மக்கள் அறிந்தவரும் இவரே. 1759 முதல் மதுரையையும் திருநெல்வேலியையும் நிர்வகித்தார். பின்னர் கும்பினியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்றார். உடனிருந்தோரால் காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். ஆயுதத்தால் உயர்ந்தவர்கள் ஆயுதத்தோடு வரும் ஆபத்தையும் சுமந்தார்கள்.

ஆயுதம் பறிக்கப்பட்ட ஆண்டு

1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இரண்டாம் முறையாக வீழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென்பாளையத்து மக்கள் தம் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. துப்பாக்கி, ஈட்டி, வளரி என எல்லாம் கைவிட்டுப் போயின. வேட்டைக்கும் போருக்கும் ஒரே கருவியைக் கைக்கொண்டிருந்த மக்கள், ஒரே ஆணையால் இரண்டையும் இழந்தனர்.

பின்னர் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்க வேண்டுமாயின் உரிமம் பெற வேண்டும் என்று அது விதித்தது. ஐரோப்பியர்க்குத் தொடக்கத்தில் அக்கட்டுப்பாடு இல்லை. ஆகவே நம் மலைகளில் வெள்ளைத் துரைமார் புலியும் காட்டெருமையும் சுட்ட காலத்தில், வயலைப் பன்றியிடமிருந்து காக்க விரும்பிய உழவர் கச்சேரி வாசலில் மனுவோடு நிற்க வேண்டியிருந்தது. அதனால்தான் ‘லைசென்ஸ் துப்பாக்கி’ என்பது பாதுகாப்புக் கருவி என்பதோடு, ஊரில் மதிப்பின் அடையாளமாகவும் ஆயிற்று. அம்மாணவரின் பாட்டனார் வீட்டுக் கொக்கிகளையும் இவ்வரலாற்றில் வைத்தே காண வேண்டும். நாள்தோறும் வேட்டைக்குச் செல்லாவிடினும், வருவோர் கண்ணில் படும்படி துப்பாக்கி சுவரில் இருந்தது.

விடுதலைக்குப் பின் 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. மாணவரின் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு வேறுபாட்டை அதன் 13ஆம் பிரிவு செய்கிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ குறைந்தது 20 அங்குலக் குழலுடைய வழவழப்பான உட்புறம் கொண்ட துப்பாக்கியையும், பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும் அது தனியாக வகைப்படுத்துகிறது. ரைஃபிள் முதலான பிறவற்றுக்குத் தக்க காரணம் உண்டென உரிமம் வழங்கும் அதிகாரி மனநிறைவு கொள்ள வேண்டும். ஆகவே நம் ஊர்களில் ஒருவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி பெரும்பாலும் ஒற்றைக் குழலோ இரட்டைக் குழலோ கொண்ட பன்னிரண்டு போர் துப்பாக்கியாகவே இருந்தது.

இவ்வேறுபாட்டுக்குப் பின்னால் ஓர் எளிய உண்மை இருக்கிறது. பன்னிரண்டு போர் தோட்டாவின் சிறு ரவைகள் சில நூறு அடிகளில் வேகம் இழந்து விழுந்துவிடும். மிகச் சிறிய ரைஃபிளாகிய .22இன் குண்டோ, தடையின்றிச் சென்றால் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் செல்ல வல்லது. பெரிய ரைஃபிள்களின் குண்டு பல கிலோமீட்டர் செல்லும். வெளிநாட்டுக் காணொளிகளில் தெரியும் ஆளில்லாப் பெருவெளிகள் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இல்லை. இங்கே வயலுக்கு அப்பால் வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் வாழைத் தோட்டம். அதற்கு அப்பால் ஓர் ஊர். குறி தவறிய குண்டு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாதவர் விசையைத் தொடும் உரிமையையே இழந்துவிடுகிறார்.

காடு மூடப்பட்ட கதை

துப்பாக்கியின் கதை இப்படியிருக்க, வேட்டைக் காட்டின் கதை வேறு திசையில் சென்றது. 1962இல் முண்டந்துறைக் காடு புலிகளுக்கான சரணாலயம் ஆயிற்று. 1976இல் களக்காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1988இல் இரண்டும் இணைந்து களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஆயின. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுவே. நாம் குடிக்கும் தாமிரபரணி நீர் அக்காட்டிலிருந்தே வருகிறது.

1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அச்சட்டம் முதலில் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடம் தந்திருந்தது. 1991இல் செய்யப்பட்ட திருத்தம் அந்த வேட்டை உரிமங்களை நீக்கிவிட்டது. மனித உயிருக்கு ஆபத்து, பயிர்ச்சேதம் போன்ற காரணங்களுக்காக உரிய அதிகாரியின் எழுத்து வடிவ ஆணையின்றி எவரும் வனவிலங்கைக் கொல்லலாகாது. பொழுதுபோக்கு வேட்டைக்குப் புதிதாகப் பழகுபவர் என்னும் நிலைக்கே அன்று முதல் இந்நாட்டில் சட்டப்படி இடமில்லை.

எனவே, மாணவர் விரும்பும் ரைஃபிளுக்கு உரிமம் கிடைத்தாலும் அதைக் கொண்டு ஒரு முயலைக்கூட அவர் சுட இயலாது. துப்பாக்கி உரிமம் வேறு, வேட்டை அனுமதி வேறு. இதை அறியாமல் சிக்குவோர் பலர். குறைந்த ஆற்றலுடைய ஏர் கன்னை உரிமமின்றி வாங்கலாம். ஆயினும் அதைக் கொண்டு மயிலையோ கவுதாரியையோ சுட்டால் குற்றம் குற்றமே. உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது இரண்டு ஆண்டுச் சிறை. முயல் கறியைக் கொடுத்தனுப்பியவர் மட்டுமன்றி, அதை வாங்கிச் சமைத்த வீடும் வழக்கில் சேரலாம். அடுப்பில் வேகும் சட்டியே சான்றாகிவிடும்.

நம் இமாம்கள் கேட்ட கேள்வி

சட்டத்தைச் சொல்லி முடித்தால் மாணவர் அமைதியாகிவிடுவார், ஆனால் நிறைவடையமாட்டார். “மார்க்கத்தில் வேட்டை ஹலால்தானே?” என்னும் கேள்வி மீந்திருக்கும். ஆம், ஹலால்தான். வேட்டையை வாழ்வாதாரமாகக் கொண்டவர்கள் நபித்தோழர்களிடையே இருந்தார்கள். ஆனால், அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் எதைக் கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

வேட்டையில் தேர்ந்த அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் கேட்ட கேள்விகள் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளன. இறகில்லாத கோலை எறிந்து வேட்டையாடுவது பற்றி அவர்கள் வினவினார்கள். அதன் கூர்முனை குத்திக் கிழித்துக் கொன்றிருந்தால் உண்ணலாம். அதன் பக்கவாட்டு அடித்துக் கொன்றிருந்தால் உண்ணலாகாது என்பது கிடைத்த விடையின் கருத்து. அம்பு பட்ட பிராணி நீரில் விழுந்து இறந்து கிடந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். கொன்றது அம்பா நீரா என்பது தெரியாது. நாம் அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவிய நாயோடு வேறொரு நாயும் சேர்ந்து பிடித்திருந்தால் அதையும் விட வேண்டும். ஐயம் வந்த இடத்தில் பசியை அடக்கிக்கொள்வதே வேட்டைக்காரருக்குக் கற்பிக்கப்பட்ட முதல் ஒழுக்கம்.

துப்பாக்கி பரவியபோது நம் ஃபகீஹுகள் இவ்விதியை அதன்மீது பொருத்திப் பார்த்தார்கள். அதற்கு முன்பே, வில்லிலிருந்து எய்யப்படும் களிமண் உருண்டையைப் பற்றிய விவாதம் நூல்களில் இருந்தது. அது மோதிக் கொல்கிறது, கிழித்துக் கொல்வதில்லை. ஆகவே அதனால் இறந்தது கூடாது என்றார்கள். ஈயக் குண்டு எந்த வகை? டமாஸ்கஸ் நகரின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு 1836) தம் ‘ரத்துல் முஹ்தார்’ நூலில், குண்டுக்குக் கூர்முனை இல்லை, அது சுடுவதாலும் வேகத்தோடு மோதுவதாலும் காயப்படுத்துகிறது, ஆகவே அதனால் இறந்தது ஹலாலாகாது என்னும் கருத்தைக் கூறினார். ஷாஃபி மத்ஹபின் பிற்கால இமாம்களும் குண்டடிபட்டு இறந்ததை உண்ண அனுமதிக்கவில்லை. மாலிக்கி அறிஞர் தர்தீர் (இறப்பு 1786), யமனின் ஷவ்கானி (இறப்பு 1834) போன்றோர், குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் ஹலால் என்றனர். இக்கால அறிஞர்களிடையேயும் இவ்விரு கருத்துகளும் உண்டு.

நம் பள்ளத்தாக்கில் வாழ்வோரில் பெரும்பாலோர் ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளைச் சேர்ந்தவர்கள். இம்மத்ஹபுகளைப் பேணிய நம் முன்னோர்க்கு, குண்டு பட்ட பிராணியை உயிரோடு எட்டிப் பிடித்து அறுப்பதே உறுதியான வழி. ஆகவே ஒரு முஸ்லிம் வேட்டைக்காரரின் இடுப்பில் கூர்மையான கத்தி இருந்தாக வேண்டும். எந்தத் துப்பாக்கி என்பதற்கு முன்னால், கத்தி தீட்டப்பட்டிருக்கிறதா, அல்லாஹ்வின் பெயரைக் கூறினாயா, ஓடிச் சென்று உயிரிருக்கும்போதே அறுப்பாயா என்னும் கேள்விகள் வருகின்றன. நள்ளிரவில் தலைவிளக்கு வெளிச்சத்தில் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டு, விடிந்தபின் புதரில் தேடியெடுக்கப்படும் முயல் இம்மூன்றில் எத்தனையை நிறைவேற்றுகிறது? வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிச் சாகும் பிராணியைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அரசின் தடையை மீறியதால் மட்டுமே ஓர் இறைச்சி செத்ததாகிவிடும் என்று நாம் தீர்ப்பளிக்கவில்லை. அது வேறு, இது வேறு. ஆனால் குடிமக்களாகிய நாம் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையை மீறுவது பாவம். மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம், உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்னும் கட்டளையோடு தொடங்கி, அதே வசனத்திலேயே இஹ்ராம் நிலையில் வேட்டையைத் தடுக்கிறது. வாக்கைக் காப்பதும் வேட்டையிலிருந்து கையை இழுத்துக்கொள்வதும் ஒரே வசனத்தில் இடம்பெற்றிருப்பதை ஓதும்போது கவனித்திருக்கிறோமா?

கைக்கெட்டும் தொலைவில் வந்த சோதனை

அதே அத்தியாயத்தின் 94ஆம் வசனத்தைப் பற்றி விரிவுரையாளர்கள் ஒரு நிகழ்வைக் கூறுவார்கள். ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாப் பயணத்தின்போது நபித்தோழர்கள் இஹ்ராம் அணிந்திருந்தார்கள். அப்போது காட்டுப் பிராணிகளும் பறவைகளும் அவர்களுடைய கூடாரங்களுக்கு அருகிலேயே வந்தன. கையால் பிடிக்கலாம், ஈட்டியால் குத்தலாம். அதுவே சோதனை என்றது இறைவசனம். மறைவில் இறைவனை அஞ்சுபவர் யார் என்பது அதன் மூலம் வெளிப்பட வேண்டியிருந்தது. பசித்த பயணிகள் தங்கள் கைகளைக் கட்டுப்படுத்திக்கொண்டார்கள்.

மதீனாவையும் நபி (ஸல்) அவர்கள் புனித எல்லையாக அறிவித்தார்கள். இரு கரும்பாறை வெளிகளுக்கு இடைப்பட்ட அந்நிலத்தில் வேட்டையாடுவதும் மரம் வெட்டுவதும் தடுக்கப்பட்டன. அங்கே மான்கள் மேய்வதைக் கண்டால் அவற்றை வெருட்டக்கூட மாட்டேன் என்னும் கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறிய செய்தி ஆதாரப்பூர்வமானது. முண்டந்துறைக் காடு மதீனாவின் ஹரமுக்கு நிகராகாது. மார்க்கச் சட்டத்தில் இரண்டும் வெவ்வேறானவை. ஆயினும், ஒரு நிலப்பரப்பின் உயிர்களைத் தொடாமல் விட்டுவைப்பது நமக்குப் புதிய பாடமன்று. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அது நமக்குக் கற்பிக்கப்பட்டுவிட்டது.

இப்பாடத்தை நம் அண்டை ஊர் மக்கள் எழுதாச் சட்டமாகவே கைக்கொண்டிருக்கிறார்கள். நாங்குநேரி வட்டாரத்துக் கூந்தன்குளத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள்ளிருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். அவை வருவதை ஊரார் நற்பேறாகக் கருதுகிறார்கள். அவை அஞ்சாதிருக்கப் பட்டாசு வெடிப்பதையும் தவிர்க்கிறார்கள். 1994இல் அரசு அக்குளத்தைச் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பே அவ்வழக்கம் இருந்தது.

ஒரு சிறுவனின் ஏர் கன்

முதல் துப்பாக்கியைப் பற்றிய பேச்சில் மாணவருக்கு நாம் சொன்ன இன்னொரு வரலாறும் உண்டு. மும்பையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் 1896இல் பிறந்த சாலிம் அலி, பெற்றோரை இழந்து மாமா அமீருத்தீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். அம்மாமாவும் வேட்டையில் விருப்பமுடையவரே. சிறுவனிடம் ஓர் ஏர் கன் இருந்தது. ஒருநாள் அதனால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் தீற்று இருந்தது. இதை ஒரு முஸ்லிம் உண்ணலாமா என்ற ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. பறவையை எடுத்துக்கொண்டு மாமாவிடம் சென்றார். அவருக்கும் அது எந்தப் பறவை என்று தெரியவில்லை. ஆகவே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் கடிதத்தோடு அனுப்பினார். அங்கே அலமாரிகள் நிறைய வரிசையாக அடுக்கப்பட்ட பறவைகளைக் கண்ட சிறுவனின் வாழ்க்கை அன்றே திசைமாறியது.

பின்னாளில் அவர் இந்தியப் பறவையியலின் தலைமகனாகத் திகழ்ந்தார். 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். நம் செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. ஆய்வுக்காக அவர் வாழ்நாளில் பறவைகளைச் சுட்டதும் உண்டு. அதை அவர் மறைத்ததில்லை. நம் கவனத்துக்குரியது அச்சிறுவனின் ஐயம். ‘இது எனக்கு ஆகுமா?’ என்று நின்று கேட்டதால் அவருக்கு அறிவின் கதவு திறந்தது. கேளாமல் அடுப்பில் ஏற்றியிருந்தால் ஒரு குருவிக் கறியோடு கதை முடிந்திருக்கும்.

விடை

ஒரு வாரம் கழித்து மாணவரிடம் நாம் சொன்ன விடை இது: குறிபார்த்துச் சுடும் திறமையை மார்க்கம் இழிவாகக் கருதவில்லை. அம்பெய்யக் கற்பதை நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். கற்றபின் கைவிடுவதைக் கண்டித்தார்கள். அதே வேளையில், உயிருள்ள பறவையைக் கட்டிவைத்துக் குறிபார்த்தவர்களைச் சபித்தார்கள். சிறு கல்லைச் சுண்டி எறியும் வழக்கத்தையும் தடுத்தார்கள். அது வேட்டைக்கும் உதவாது, பகையையும் வீழ்த்தாது. பல்லை உடைக்கும், கண்ணைக் குருடாக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கையில் உண்டிவில்லும் ஏர் கன்னும் வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இக்காரணத்தை மனத்தில் இருத்த வேண்டும்.

ஆகவே, தம்பி, உன் முதல் ரைஃபிளை நீ வாங்க வேண்டியதில்லை. கல்லூரியில் சேர்ந்ததும் என்.சி.சி.யில் சேர். அங்கே .22 ரைஃபிளைக் கொடுத்து, மண்மேடு எழுப்பிய சுடுகளத்தில், காகிதக் குறியைச் சுடக் கற்றுக்கொடுப்பார்கள். குழல் எப்போதும் ஆளில்லாத் திசையை நோக்க வேண்டும், கட்டளை வரும்வரை விரல் விசையைத் தொடலாகாது என்பவை அங்கே முதல் நாள் பாடம். விருப்பம் தொடர்ந்தால் உரிமை பெற்ற ரைஃபிள் கிளப்பில் சேரலாம். உன் மாமாவின் தோட்டத்தைப் பன்றி அழித்தால், வனத்துறைக்கு மனுக் கொடுத்து இழப்பீடு கேட்க வழியிருக்கிறது. அந்த மனுவை எழுத நாம் உதவுகிறோம். முயல் கறி வந்தால், அதைப் பற்றி மாமாவிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இப்போது உனக்குத் தெரியும்.

அவர் தலையசைத்துச் சென்றார். சில வாரங்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. விடுமுறைக்கு முந்தைய வியாழக்கிழமை, பாடம் முடிந்து முஸ்ஹஃபை உறையிலிட்டுக்கொண்டிருந்தபோது அருகில் வந்து நின்றார். மாமாவுக்கு ஃபோன் செய்து கேட்டாராம். “முயல் கையில் கிடைக்கும்போது உயிரோடு இருந்துச்சா மாமா? யார் அறுத்தது?” என்று கேட்டாராம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு மாமா வேறு பேச்சுக்குப் போய்விட்டாராம். அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உம்மா, மறுவாரம் வந்த தூக்குச்சட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

“மாமா கோபமா இருக்காங்க ஹஜ்ரத்” என்றார். அக்கோபம் தணியவும், அவருடைய தோட்டத்தில் பரக்கத் உண்டாகவும் அன்று மாணவர்களோடு சேர்ந்து துஆச் செய்தோம். பன்றிச் சேதத்துக்கான மனுவை எழுதி அவர் கையில் கொடுத்தனுப்பினோம். இன்ஷா அல்லாஹ், மாமா அதைப் பிரித்துப் பார்ப்பார்.

ஹலாலானதைத் தேடி உண்ணவும், ஐயத்துக்குரியதை விட்டு விலகவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.